சுருள் அதிகம் விழுகிற பட்டறை

கணபதி, கோயம்புத்தூர்
ஞாயிறு மதியம்

அம்மிணி,

அம்மா அனுப்புகிற பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். போனில் சொல்லலாம்தான். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். எழுதிவிட்டால் அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார்.

புதன்கிழமை ராத்திரி நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எல்லா இடத்துலயும் ரெஃபரல் இருக்கான்னு கேக்கறாங்கப்பா. எனக்கு யாரைத் தெரியும்? நீங்க லேத் ஓட்டறீங்க, அம்மா தையல் மெஷின் ஓட்டறாங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாய். அதுதான் சுருக்கென்றது. மெக்கானிக்கல் முடித்தாய். கேம்பஸுக்கு வந்த இரண்டு கம்பெனியும் பையன்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அம்பத்தூர் ஹாஸ்டலுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. ஆன்லைனில் எத்தனை இடத்துக்குப் போட்டாய் என்று கேட்டால் எண்ணுவதை விட்டுவிட்டேன் என்கிறாய்.

அப்படியெல்லாம் இல்லை, திறமை இருந்தால் போதும் என்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். முப்பது வருடமாக இந்த ஊரில் பார்க்கிறேன். பம்ப் கம்பெனியோ கிரைண்டர் கம்பெனியோ, ஆபீஸில் ஒரு நாற்காலி காலியானால் முதலாளியின் அக்கா மகனோ, மச்சினனின் சிநேகிதனோ, சொந்த சாதிக்காரப் பையனோ அதில் உட்கார்ந்த பிறகுதான் அது காலியாக இருந்ததே வெளியே தெரியும். நமக்கு அந்தச் சொந்தம் கிடையாது. இது அநியாயம்தான். ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே உள்ளே வந்திருக்கிறேன்.

இந்தக் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. 1993, ஐப்பசி மாதம். ஐ.டி.ஐ. டர்னர் சர்டிபிகேட்டும் ஒரு மஞ்சப் பையுமாகத் தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன். ஆவாரம்பாளையம், கணபதி, பாப்பநாயக்கன்பாளையம் என்று தெருத் தெருவாக நடந்தேன். அப்போது முன்வாசலில் லேத் ஓடும், பின்கட்டில் சோறு வேகும், அப்படித்தான் பாதி வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் "ஆள் வேணுங்களா?" என்று கேட்பேன். வேண்டாம் என்கிறவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். வேண்டும் என்கிறவர்கள் இன்னொரு கேள்வி கேட்பார்கள்: "யார் அனுப்பிச்சாங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீ ரெஃபரல் என்கிறாயே, அது அன்றைக்கு இந்தக் கேள்விதான்.

எட்டு நாள் இப்படிப் போயிற்று. ஒன்பதாம் நாள் ஒரு பட்டறை வாசலில் பழைய இரும்பு எடுக்கிறவர் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். லேத்தில் உதிர்ந்த இரும்புச் சுருளைச் சாக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். அதை ஒருத்தராகத் தூக்க முடியாது, கையை அறுக்கும். நான் ஒரு பக்கம் பிடித்தேன். லேத்தில் ஊற்றுகிற கூலன்ட் ஒழுகி, என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டையும் பாழ். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேலை தேடறியா தம்பி? வழியில இருக்கற எல்லா ஊட்லயும் கேக்கறியாட்ட இருக்குது" என்றார். ஆமாங்க என்றேன். சிரித்தார். "இந்தப் பட்டறை போன மாசம் எட்டு மூட்டை போட்டது, இந்த மாசம் மூணுதான். இங்க கேட்டா என்ன சொல்லுவாங்க? பின்னாடி சந்துல ஒருத்தரு வாரத்துக்கு ரெண்டு மூட்டை போட்டுட்டிருந்தாரு, இப்ப ஏழு போடறாரு. ராத்திரியும் ஓடுது. அங்க போ."

போனேன். "யார் அனுப்பிச்சாங்க?" என்றார் முதலாளி. "இரும்புக்காரர் அனுப்பிச்சாருங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கம்பித் துண்டைக் கையில் கொடுத்து 25 மில்லிமீட்டருக்குக் கடையச் சொன்னார். கடைசி வெட்டுக்கு முன்னால் அளந்து பார்த்தால் எடுக்க இன்னும் 40 மைக்ரான் இருக்கிறது, ஆனால் டூல் முனை மழுங்கியிருக்கிறது. அப்படியே எடுத்தால் மேல்பரப்பு சொரசொரவென்று வரும். மெஷினை நிறுத்திவிட்டு, "டூலைக் கிரைண்ட் பண்ணிட்டு எடுக்கட்டுங்களா?" என்று கேட்டேன். அந்தக் கம்பியை அவர் முடிக்கச் சொல்லவே இல்லை. "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு" என்றார்.

இதில் ஒன்று கவனி. அந்த இரும்புக்காரருக்கு என் பெயர்கூடத் தெரியாது. நான் நல்லவனா, வேலை தெரிந்தவனா, எதுவும் தெரியாது. அவர் சிபாரிசு செய்யவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று சொன்னார், அவ்வளவுதான். எல்லாப் பட்டறைக்குள்ளும் போய்வருகிற ஆள் என்பதால் அவருக்கு அது தெரிந்திருந்தது. எங்கள் ஊர் மாமாவோ சித்தப்பாவோ என்மேல் உயிரையே வைத்திருந்தார்கள், ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெங்காயமும் வாய்க்கால் தண்ணீரும்தான்.

போன மாதம் முதலாளி பேரனிடம் இதைச் சொன்னேன். எம்.பி.ஏ. படிக்கிறானே, அவன். உடனே குதித்தான். அமெரிக்காவில் மார்க் கிரனோவெட்டர் என்று ஒரு சமூகவியல் ஆராய்ச்சியாளர் இதையேதான் 1973இல் எழுதியிருக்கிறாராம். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில் புதிதாக வேலை மாறினவர்களைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களை மட்டும் தனியாக எடுத்து, அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டாராம். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 100க்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது என்றவர்கள் 55 பேருக்கு மேல். வருடத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம் என்றவர்கள் கிட்டத்தட்ட 28 பேர். ரொம்ப நெருங்கினவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும், தள்ளி இருக்கிறவர்களுக்குத்தான் நமக்குத் தெரியாதது தெரியும் என்று அவன் விளக்கினான். அந்தக் கட்டுரையை முதலில் 1969இல் வேறொரு பத்திரிகைக்கு அனுப்பி, அவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்களாம். இதை உனக்காகவே ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

சரி, நீ டீக்கடை வாசலில் போய் நிற்க முடியாது. எனக்கு அது புரிகிறது. எனக்குக் கிடைத்த செய்தியெல்லாம் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கிடைத்தது, அந்த இடமெல்லாம் ஆம்பளைகளுடையதாக இருந்தது. அதனால் நீ என்னை மாதிரியே செய் என்று சொன்னால் அது வெட்டிப் பேச்சு. ஆனால் உன் ஹாஸ்டலில் ராத்திரி எட்டு மணிக்கு எத்தனை பேர் சாப்பிட உட்காருகிறீர்கள்? நாற்பது பேர் என்றாய். நாற்பது பேரும் வேறு வேறு கம்பெனி கேட்டுக்குள் போய்விட்டு வருகிறவர்கள். நீ தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போய் மொபைலில் நௌக்ரி வேலை சைட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாய் என்று அம்மா சொன்னாள். அம்மிணி, செய்தி கீழே சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற கேலிபரேஷன் லேபில் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தர் இருக்கிறார், தலைவலி மாத்திரை வாங்கினேன் என்றாயே, அவரிடம் மாத்திரையைத் தவிர வேறு ஏதாவது பேசியிருக்கிறாயா?

கேலிபரேஷன்காரர்கள்தான் உன் இரும்புக்காரர்கள். எஸ்டேட்டில் உள்ள மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஹைட் கேஜ் என்று அளக்கிற கருவியெல்லாம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அவர்கள் கைக்கு வந்தாக வேண்டும். போன தடவை இருபது கேஜ் அனுப்பின கம்பெனி இந்தத் தடவை அறுபது அனுப்பினால் அங்கே என்ன நடக்கிறது? புது லைன் போட்டிருக்கிறார்கள், அளக்க ஆள் வேண்டும். லேத் டூல் முனையில் மாட்டுகிற இன்சர்ட் விற்கிறவர், மெஷின் சர்வீசுக்கு வருகிறவர், ஆடிட்டுக்கு வருகிறவர், இவர்களுக்கும் இது தெரியும். அளவு பார்க்கிற சி.எம்.எம். மெஷினைப் புதிதாக வாங்கிவிட்டு ஓட்ட ஆளில்லாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிற இடம்கூட உண்டு. முப்பது நாற்பது பேர் வேலை செய்கிற சப்-கான்ட்ராக்ட் கம்பெனி நௌக்ரியில் விளம்பரம் போடக் காசு செலவழிக்காது. பெரிய கம்பெனி வாசலில் நீ கொடுக்கிற பயோடேட்டா செக்யூரிட்டி மேஜை டிராயரில்தான் கிடக்கும். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நேராகப் பெரிய கேட்டுகளுக்கே போய்க்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். பக்கத்துச் சந்துகளைப் பார்.

இன்னொன்று. நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் அம்பத்தூர் எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கம் 'ஆக்மி' என்று மெஷின் கண்காட்சி நடத்துகிறது. அடுத்தது எப்போது என்று பார்த்துக்கொள். அங்கே ஸ்டாலில் நிற்கிற சேல்ஸ் பையன்களுக்கு மத்தியான நேரத்தில் பேச ஆள் கிடைத்தால் போதும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் நீ தடுமாறுகிறாய். இங்கே சனிக்கிழமை சனிக்கிழமை பையன்கள் வருவார்கள். "அண்ணா, எதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா" என்பார்கள். நானும் சரி தம்பி என்பேன். கேட்டைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும். எதை ஞாபகம் வைப்பது? எதாவது வேலை என்று ஒரு வேலை இல்லையே. போன வருடம் ஒருத்தன் வந்தான். "டிராயிங் படிப்பேங்க, வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ் பார்ப்பேன், ஃபர்ஸ்ட் பீஸ் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எழுதுவேன். இந்தத் தெருவுல ரிஜெக்ஷன் அதிகமா வர்ற கம்பெனி எதுங்க?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரிஜெக்ஷன் அதிகம் என்றால் அங்கே அளந்து பார்க்க ஆள் வேண்டுமே. அவன் வேலை கேட்கவில்லை, வழி கேட்டான். வழி சொல்ல யாருக்கும் கை கூசாது. வேலை கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டிவருமே என்று ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள். பக்கத்துத் தெருக் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். பத்து நாள் கழித்து வந்து, அங்கே ஆகவில்லை, ஆனால் அவர்கள் இன்னொரு இடம் சொன்னார்கள், அங்கே சேர்ந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது எங்காவது ஆள் கேட்டால் அவன் முகம்தான் எனக்கு முதலில் வருகிறது. சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தும்!

நீயும் உனக்குத் தெரிந்ததை இரண்டு வரியில் சொல்லிப் பழகு. "குவாலிட்டியில் ஆர்வம்" என்று உன் பயோடேட்டாவில் போட்டிருக்கிறாய். ஆர்வத்தை வைத்து எவரும் ஷாஃப்ட் அளக்க முடியாது. ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு நம் பட்டறையில் உட்கார்ந்து ஐம்பது பீஸ் அளந்து, டூல் தேய்மானத்தால் எத்தனையாவது பீஸில் சைஸ் ஓடுகிறது என்று படம் போட்டாயே, அது எங்கே? அதை மேலே போடு.

தாரமணியில் தொழிற்பயிற்சி வாரியம் இருக்கிறது. பட்டதாரிகளுக்கு ஒரு வருட அப்ரண்டிஸ் அது வழியாகப் போடுகிறார்கள். உதவித்தொகையில் ஒரு பங்கை அரசே கொடுப்பதால் சின்னக் கம்பெனிக்கும் சுமை குறைவு. அப்ரண்டிஸ் என்றால் உனக்கு இறக்கமாகத் தோன்றுகிறது, தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வருடம் உள்ளே இருந்தால் அறுபது பேருக்கு உன்னைத் தெரியும், அதில் பத்துப் பேர் அடுத்த வருடம் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதே. அதை நம்பி உட்காரவும் வேண்டாம்.

முன்பணம் கட்டினால் வேலை என்று எவன் சொன்னாலும், எவ்வளவு பெரிய ஆபீஸில் உட்கார்ந்து சொன்னாலும், எழுந்து வந்துவிடு. உன் மாமாவுக்காக நான் ஒரு தடவை 15,000 கொடுத்து ஏமாந்தேன். அம்மா இன்றுவரை அதை என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. நீயும் கேட்காதே.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் சரியில்லை. யாரிடமாவது கேள், கேள் என்று உன்னிடம் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் யாரிடமும் கேட்கவில்லை. பட்டறைக்கு மாதம் ஒருமுறை, கம்ப்யூட்டரில் ஓடுகிற சி.என்.சி. மெஷின் சர்வீசுக்கு ஒருத்தர் சென்னையிலிருந்து வருகிறார். ஆறு வருடப் பழக்கம். மெஷின் பேசுவோம், சாப்பாடு பேசுவோம். என் மகள் வேலை தேடுகிறாள் என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. லேத்காரன் மகளுக்கு எஞ்சினியர் வேலையா என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சம். எனக்காகத் தெருவில் நாற்பது வாசல் ஏறினவனுக்கு உனக்காக ஒரு வாசல் ஏற வெட்கமாக இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். ஸ்பிண்டில் பேரிங் மாற்றிவிட்டுக் கை கழுவும்போது கேட்டுவிட்டேன். வேலை கேட்கவில்லை, அளக்கத் தெரிந்த பெண்ணுக்கு எந்தப் பக்கம் போனால் நல்லது என்று கேட்டேன். "அட, இத்தனை நாள் சொல்லவே இல்லையேண்ணா" என்றார். பாடி பக்கம் ஒரு கியர் கம்பெனிக்குப் புது மெஷின் இறக்கியிருக்கிறாராம், இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம், இப்போது எடுத்துவிட்டார்களா தெரியாது என்றார். அவ்வளவுதான் செய்தி.

அவர் நம்பரை அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். பதினொரு மணிக்கு மேல் கூப்பிடு, காலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த ஐம்பது பீஸ் படத்தைக் கையோடு வைத்துக்கொள். பருப்புப் பொடி டப்பா மூடி இறுக்கமாக இருக்கும், சூடு தண்ணீரில் காட்டித் திற. இரண்டாவது டப்பா அந்தத் தலைவலி மாத்திரை அக்காவுக்கு.

அப்பா