ஆண்டறிக்கை: நெரிசல் மிகுந்த இயற்கைத் தலங்களில் ஒளிப்படக் கட்டுப்பாடுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஒளிப்படச் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் படப் போட்டிகளும் இவ்வாண்டும் தடையின்றி நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதால், நம் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட ஒரு பொருளை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மக்கள் திரளும் அருவிகளிலும் பள்ளத்தாக்குகளிலும் ட்ரைபாடுக்கும் (கேமராவைத் தாங்கும் முக்காலி) ட்ரோனுக்கும் தடை கூடிவருவதைக் கண்டித்துச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுத வேண்டும் என்று உறுப்பினர் பலர் கேட்டிருந்தனர். அதற்காக விவரம் திரட்ட உட்கார்ந்தபோதுதான், நம் பக்கத்து நியாயம் நான் எண்ணியிருந்த அளவுக்கு வலுவானதல்ல என்பது எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவின் அரிசோனாவில் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் உள்ள மேல் ஆன்டிலோப் கேன்யன் என்னும் குறுகிய பாறைப் பள்ளத்தாக்கில், கோடை நண்பகலில் பாறை இடுக்கின் வழியே இறங்கும் ஒளிக்கற்றையைப் படமெடுக்க, ட்ரைபாட் கொண்டுவருவோருக்கென்றே முன்பு தனிச் சுற்றுகள் இருந்தன. அந்தக் குறுகிய வழியில் சிலர் படமெடுத்து முடிக்கும்வரை மற்றவர்களை வழிகாட்டிகள் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. இன்று அச்சுற்றுகள் இல்லை. ட்ரைபாடுக்கும் செல்ஃபி ஸ்டிக்குக்கும் அனுமதியும் இல்லை. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள ஹார்ஸ்டெயில் அருவி, பிப்ரவரியில் வானம் தெளிந்து, பனி உருகி நீரும் வந்தால், அந்திக்கதிர் பட்டுச் சில நிமிடங்கள் நெருப்பாக ஒளிரும். அதைக் காண ஒரே மாலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடி, கரையில் இடமில்லாமல் மெர்செட் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நின்றதில், கரை அரிக்கப்பட்டு, செடிகள் மிதிபட்டன. அதன்பின் சில ஆண்டுகள் பிப்ரவரி வார இறுதிகளுக்கு முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டதை எப்படிக் குறை சொல்வது? ஜப்பானின் பியே ஊரில், படமெடுக்க வந்தவர்கள் ஓயாமல் வயலுக்குள் நுழைந்ததால் மனம் வெறுத்த விவசாயி, புகழ்பெற்ற ஒற்றை மரத்தை 2016-இல் வெட்டிச் சாய்த்தார். படமாக்கப் போனவர்களாலேயே படத்துக்குரிய பொருள் இல்லாமல் போனது.

இவை தொலைதூரச் செய்திகள் என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. இவ்வாண்டுக் களப்பயணத்தில் அருவிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் நாம் ஐவர் ட்ரைபாடை விரித்திருந்தோம். பேத்தியின் கையைப் பிடித்தபடி வந்த ஒரு மூதாட்டி, ஒவ்வொரு ட்ரைபாட் காலாகத் தாண்டி, கடைசியில் சரிவான ஈரப்பாறையில் கால் வைத்துக் கடந்து போனார். நம்மில் ஒருவரும் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. திரும்பும்போது பார்த்தால், நாம் நின்ற இடத்துப் பாசியில் கூர்முனைகள் குத்திய குழிகள் மூன்று மூன்றாகத் தெரிந்தன. அந்த மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்கவில்லையே என்பது இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஆயினும் நம் மனக்குறை முழுவதும் பொய்யல்ல. ஆளரவமற்ற விடியற்காலையில் அகலமான மேடையில் நிற்கும் ஒரு ட்ரைபாடையும் நண்பகல் நெரிசலில் வழியை மறிக்கும் ட்ரைபாடையும் ஒரே விதியால் தடுப்பது முறையன்று. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக 2025 ஜனவரியில் வந்த சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: ஆறு பேருக்கும் குறைவான குழு, கையில் தூக்கிச் செல்லும் கருவிகளோடு, பொதுமக்களுக்குத் திறந்துள்ள இடத்தில், இயற்கைக்கும் பிறருக்கும் இடையூறின்றிப் படமெடுத்தால், அது விற்பனைக்கானாலும் பொழுதுபோக்குக்கானாலும் அனுமதிச் சீட்டோ கட்டணமோ தேவையில்லை. கருவியை மட்டும் பாராமல் அதனால் விளையும் இடையூறைப் பார்க்கும் இந்த அணுகுமுறையையே நாமும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

எனவே கண்டனக் கடிதத்தை நான் அனுப்பவில்லை. மாறாக, நெரிசல் நேரத்தில் கையில் பிடித்தே படமெடுப்பது, பாதையை விட்டு இறங்காதிருப்பது, சங்கப் போட்டிக்கு வரும் படம் தடைசெய்த இடத்தில் எடுக்கப்பட்டதெனத் தெரிந்தால் அதை ஏற்காதிருப்பது ஆகிய மூன்றையும் நமக்கு நாமே விதித்துக்கொண்டு, அதன்பின் கூட்டமில்லாத நேரங்களில் ட்ரைபாடுக்கு அனுமதி கோரி விண்ணப்பிப்பது என்ற தீர்மானத்தைச் செயற்குழுவின் இசைவோடு பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்