ஊர் பெயர்ப்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நவீன ஊரை அப்படியே பெயர்த்து, டிராகனும் மந்திரவாதியும் உலவும் விளையாட்டு உலகத்தில் கொண்டுபோய் வைப்பது என்று நாம் எடுத்துக்கொண்ட வேலை முடிந்துவிட்டது. ஊர் வரைபடம், விதித் தொகுப்பு, விலைப்பட்டியல், முதல் 30 நாளுக்கான நிகழ்வுக் குறிப்பு, நான்கும் தயார். சோதனை ஆட்டமும் ஆடிப் பார்த்தாகிவிட்டது. பணச் செலவு என்றால் காகிதமும் பென்சிலும்தான். நேரச் செலவுக்குத்தான் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் இத்தனை நாள் இழுத்தது என்று பலரும் கேட்டுவிட்டீர்கள்.

முதல் கூட்டம் முழுக்க டிராகனைப் பற்றித்தான் பேச்சு. ஊரில் துப்பாக்கி இருக்குமே, சமாளிக்க முடியாதா என்று ஒரு கட்சி. நாம் ஆடுவது, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லிப் பகடை உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். அதன்படி வேட்டைத் துப்பாக்கிக் குண்டு ஒன்றுக்கு 2டி10 சேதம், அதாவது பத்து முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டியது, சராசரி 11. வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு 256 ஹிட் பாயிண்ட், அதாவது அவ்வளவு சேதம் வாங்கினால்தான் விழும். ஆக, குறி தப்பாமல் 24 குண்டு. அதுவரை டிராகன் சும்மா நிற்குமா? சாதாரண ஊர்க்காரருக்கு இருப்பதோ 4 ஹிட் பாயிண்ட். சரி, துப்பாக்கியால் ஊர் பிழைக்காது என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனோம். அந்த அடுத்தது எங்களை விடவில்லை.

ஊர் பெயர்கிறது என்றால் எங்கே அறுந்து பெயர்கிறது? வரைபடத்தின் நடுவில் காம்பஸை ஊன்றி 3 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டோம். 28 சதுர கிலோமீட்டர் சொச்சம்; மக்கள் 10,000 பேர் என்று வைத்துக்கொண்டோம். வேலை முடிந்தது என்று எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்துவிட்டோம். துணைமின் நிலையம் கோட்டுக்கு உள்ளே. மின்சாரம் பிறக்கும் இடம் வெளியே. செல்போன் கோபுரம் உள்ளே. அழைப்பை இணைத்துவிடும் கருவிகள் வெளியே. ஜிபிஎஸ்ஸுக்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் தெரிய வேண்டும். அந்த வானத்தில் ஒன்றுகூட இல்லை. கணக்கில் இருக்கும் பணம் எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது, அதுவும் வெளியே. ஊருக்குள்ளேயே முழுசாக இருக்கும் பொருள் என்று தேடினால் நூலகமும் சைக்கிளும்தான் கிடைத்தன. டிராகனை விட்டுவிட்டு இந்தக் கோட்டைத்தான் வாரக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அகலம் முடிந்ததும் ஆழம். எத்தனை மீட்டர் மண் கூட வருகிறது? உருண்டையாக வெட்டலாம் என்றார் ஒருவர். கணக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் 100 மீட்டர் வைத்தோம். அதனால் அதற்குக் கீழே இறங்கியிருந்த போர்வெல் எல்லாம் இப்போது இன்னொரு உலகத்துப் பாறையில் போய் முட்டுகிறது. சில இடத்தில் பாறைகூட இல்லை, குகை. அந்தக் குழாய் ஒரு சாண் அகலம்கூட வராது. கோப்ளின் என்ற குட்டி அரக்கன்கூட ஏற முடியாது, குரல் ஏறும். சோதனை ஆட்டத்தில் நள்ளிரவில் ஒரு வீட்டின் பின்புறம், போர்வெல் மூடிக்கு அடியில் யாரோ மெதுவாக எண்ணுவது கேட்கிறது என்று, ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) சொன்னார். மேசையில் ஒருவரும் பகடையைத் தொடவில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே 100 மீட்டரை இனி யாரும் மாற்றக் கூடாது என்பது குழுவின் கருத்து.

அதிக நாளைத் தின்றது தண்ணீர். மேல்நிலைத் தொட்டி உள்ளே. அதை நிரப்பும் ஆறு வெளியே. தொட்டியிலிருந்து புறநகருக்குப் போகும் பெரிய குழாய் கோட்டில் அறுபடுகிறது. பம்பு நின்றாலும் தொட்டி உயரத்தில் இருப்பதால் தண்ணீர் தானாக இறங்கி, அறுந்த வாய் வழியாக அந்நிய மண்ணில் கொட்டிக்கொண்டே இருக்கும், யாராவது வால்வை மூடும் வரை. அதையே முதல் காட்சியாக வைத்தோம். வால்வு திருகும் ஊழியராக ஆடியவர் வலிமைச் சோதனைக்கு இருபது முகப் பகடையை உருட்டினார், விழுந்தது 3. வால்வு துருப்பிடித்திருக்கிறது என்றார் டிஎம். இன்னொருவர் ஓடிப்போய் இரும்புக் குழாய் ஒன்றை நெம்புகோலாகப் போட்டுக் கை கொடுத்த பிறகுதான் திரும்பியது. அதற்குள் பாதித் தொட்டி போய்விட்டது. மாயாஜால உலகத்தில் ஊர் கண்ட முதல் பகை, துரு.

மந்திரத்தில் வழி இல்லையா என்று தேடினோம், இருக்கிறது. வற்றாத குப்பி என்று ஒரு மாயப்பொருள். கட்டளைச் சொல்லைச் சொன்னால் ஒரு தடவைக்கு 30 கேலன், சுமார் 113 லிட்டர் பீறிடும்; அடுத்த சுற்றில் நின்றுவிடும். ஒரு சுற்று 6 விநாடி. நிமிடத்துக்குப் பத்துத் தடவை சொன்னால் 1,135 லிட்டர். ஒருவருக்கு நாளுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 என்றே வைத்தால் ஊருக்கு 10 லட்சம் லிட்டர். ஒரே குப்பி போதும். ஆனால் 14 மணி 40 நிமிடம் விடாமல், சுமார் 8,800 தடவை, யாராவது அதைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஷிப்ட் அட்டவணை விதித் தொகுப்பின் பின்னிணைப்பில் இருக்கிறது. சிரிக்க வேண்டாம், அதை எழுதவே ஒரு மாலை போனது.

குப்பிக்கு விலை? 'அன்காமன்' (எளிதில் கிடைக்காத) ரகப் பொருள், 101 முதல் 500 தங்கக் காசு வரை. ஊரில் ஏது தங்கக் காசு என்று விலைப்பட்டியலைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: காகிதம் ஒரு தாள் 2 வெள்ளிக் காசு. பத்து வெள்ளி ஒரு தங்கம். ஜெராக்ஸ் எடுக்கும் 500 தாள் கட்டு ஒன்றின் விலை 100 தங்கம்! சவாரிக் குதிரை 75, நீள்வாள் 15. விற்கும்போது பாதி விலைதான் என்ற விதியைப் போட்டாலும், பத்துக் கட்டுக் காகிதத்தில் ஊரின் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துபோகிறது. கண்ணாடி பாட்டில் 2 தங்கம். பூதக்கண்ணாடி 100. தூரநோக்கி 1,000. எழுதுபொருள் கடை வைத்திருப்பவர் மறுநாள் காலை ராஜா.

இதைச் சரிசெய்யாமல் விட்டால் ஆட்டமே இல்லை. விளையாட்டை 1974-ல் டேவ் ஆர்னிசனோடு சேர்ந்து கொண்டுவந்த கேரி கைகாக்ஸ், 1978-ல் எழுதிய விதிநூலிலேயே, இந்த விலைகளை அலாஸ்காவின் தங்க வேட்டைக் கால ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். முட்டை ஒன்று ஒரு டாலருக்கு விற்ற ஊர்கள். பட்டியலில் இருப்பது அவசரக்காரன் கொடுக்கும் விலை, சந்தை விலை இல்லை. அதனால் நாங்கள் வைத்த விதி: ஒவ்வொரு கட்டு விற்றதும் அடுத்த கட்டின் விலை பாதியாகும், அதோடு, இவ்வளவு வெள்ளைக் காகிதம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்க ஒரு ஆள் கிளம்பி வருவார். வருபவர் யார் என்பது டிஎம்முக்கு மட்டும்.

ஒரு விஷயத்தில் குழுவுக்குள் சண்டையே வந்தது. இன்சுலின். திறக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்துவிட்டால் பெரும்பாலானவை 28 நாள்தான். இரண்டாம் நிலை மந்திரம் ஒன்று 'ஒரு நோயை நீக்கும்' என்கிறது விதி. கணையத்தில் அழிந்த செல்கள் அதனால் திரும்ப முளைக்காது, அதற்கு ஏழாம் நிலை மந்திரம் வேண்டும் என்றது ஒரு தரப்பு; தர்க்கம் சரிதான். எங்களில் ஒருவர் தினமும் ஊசி போட்டுக்கொள்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருபத்தெட்டாம் நாள் நான் சாவதை இங்கே உட்கார்ந்து நானே உருட்ட மாட்டேன்" என்றார். அத்தோடு வாதம் முடிந்தது. மந்திரம் பலிக்கும் என்று எழுதினோம். ஆனால் அதைப் போட, அனுபவத்தில் மூன்றாம் நிலையை எட்டிய கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி) போல ஒருவர் வேண்டும், ஊரில் அப்படி யாரும் இல்லை. மருந்து தீர்வதற்குள் அவரைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் பயணம்.

மற்றவை சுருக்கமாக. பெட்ரோல் சில மாதங்களில் கெட ஆரம்பிக்கும். சோலார் தகடு இருபது வருஷத்துக்கு மேல் ஓடும், அதோடு இணைந்த பேட்டரி அதற்கு வெகு முன்பே போய்விடும். ஒட்டுப்போடும் மந்திரம் ஓர் அடிக்குள் இருக்கும் உடைசலைத்தான் சேர்க்கும். ஆகவே செல்போன் திரை ஒட்டும், அழிந்த தகவல் வராது.

இரண்டு குறை பாக்கி. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டு நம் தொகுப்பை யாருக்கும் கொடுக்கலாம். துப்பாக்கி எண்களும் மாயப்பொருள் விலை வரம்பும் அதில் சேராதவை. வெளியே போகும் பிரதியில் அவற்றுக்குப் பதிலாக நம் சொந்த எண்களைப் போட வேண்டும். யாராவது பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, குப்பியின் கட்டளைச் சொல். தமிழில் 'பீறிடு' என்று வைத்திருந்தோம். சோதனை ஆட்டத்தில் ஷிப்டில் நின்றவர் நாற்பதாவது தடவையிலேயே நாக்குப் புரண்டு வேறென்னவோ சொல்லிவிட்டார், டிஎம் தண்ணீரை நிறுத்திவிட்டார். 8,800 தடவை சொன்னாலும் வாய் வலிக்காத சொல் ஒன்றை அடுத்த கூட்டத்துக்குள் எழுதி அனுப்பவும். இரண்டு எழுத்துக்கு மேல் வேண்டாம்.