ஜப்பான் இன்ஜின் கதையில் விதிகளை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின்கள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க குதிரைசக்திக் கணக்காகவே ஓடுகிறது, இந்த மாடலில் இத்தனை, அடுத்ததில் இத்தனை என்று. ஒரு இன்ஜின் ஏன் அந்த அளவில், அந்த வடிவில் வந்தது என்பதை எங்கேயும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அந்த ஊர் இன்ஜின்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கெடுபிடிக்குள் மாட்டிக்கொண்டு பிறந்தவை.

1969-ல் வந்த நிசானின் முதல் ஸ்கைலைன் ஜிடி-ஆரையே எடுங்கள். 2000 சிசியைத் தாண்டினால் ஜப்பானில் வண்டி வரி எகிறும் காலம் அது. அந்தக் காரின் எஸ்20 இன்ஜின் 1989 சிசி! பிரின்ஸ் ஆர்380 பந்தயக் காரின் இன்ஜினிலிருந்து வந்தது, ஆறு சிலிண்டர், 24 வால்வு, மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், கார்புரேட்டரை வைத்துக்கொண்டே 160 குதிரைசக்தி. 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் புகை விதிகளும் சேர்ந்து அதை மூட்டை கட்டவைத்தன, ஜிடி-ஆர் என்ற பெயரே 16 வருடம் காணாமல் போனது. உங்கள் கட்டுரை இந்த இடைவெளியை ஒரே தாவலில் தாண்டி 1989-க்குப் போய்விடுகிறது.

மஸ்டாவுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள், எனக்கு அதில்தான் கோபம். 60-களின் தொடக்கத்தில் ஜப்பான் அரசு சின்ன கார் கம்பெனிகளைப் பெரியவற்றோடு சேர்த்துவிடப் பார்த்தது. யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் தனியாகப் பிழைக்கலாம் என்று ஜெர்மனியின் என்எஸ்யு கம்பெனியிடம், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜினின் உரிமத்தை வாங்கியது மஸ்டா. வாங்கி ஓட்டிப் பார்த்தால், முக்கோண ரோட்டரின் முனையில் இருக்கும் சீல் உள்சுவரை அலையலையாகக் கீறிவைக்கிறது. ‘பிசாசின் நகக்கீறல்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். மஸ்டா இன்ஜினியர் கெனிச்சி யமமோட்டோவும் அவரோடு இருந்த குழுவும், மொத்தம் 47 பேர், வருடக்கணக்கில் முட்டி மோதி, கடைசியில் கார்பனோடு அலுமினியத்தைக் கலந்து சீல் செய்துதான் அதை அடக்கினார்கள். 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது, வெறும் 982 சிசி, 110 குதிரைசக்தி. அதே வழியில் 1991-ல் நான்கு ரோட்டர் வைத்த மஸ்டா 787பி பந்தயக் கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. பிஸ்டன் இல்லாத இன்ஜின் அங்கே ஜெயித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பெட்ரோல் குடிக்கும், ஆயில் குடிக்கும், எல்லாம் உண்மைதான். அதற்காக ஒரு வரியா?

அப்புறம் விடெக், இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் ஹோண்டாவின் ஏற்பாடு. ஸ்டிக்கரில் மட்டும் பார்த்தவர்கள் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறார் உங்கள் எழுத்தாளர். விஷயம் இவ்வளவுதான்: ஒரு ஜோடி வால்வுக்கு, ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோல்களைத் தள்ளும் மூன்று கேம் முகடுகள், ஓரத்து இரண்டும் குட்டை, நடுவில் இருப்பது உயரம். மெதுவாகப் போகும்போது ஓரத்து ராக்கர் ஆர்ம்கள்தான் வால்வைத் திறக்கும், நடு ஆர்ம் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். ஆர்பிஎம் ஐயாயிரத்தைத் தாண்டி ஏறும்போது ஆயில் அழுத்தம் ஒரு சின்ன பின்னைத் தள்ளி மூன்றையும் ஒன்றாகப் பூட்டிவிட, அதன்பின் எல்லாம் நடு முகடு சொல்கிறபடிதான். ஊருக்குள் சாதுவாகவும் மேலே பந்தயக் காராகவும் ஒரே இன்ஜின் ஓடுவது இப்படித்தான். 1989 இன்டெக்ராவில் 1.6 லிட்டரில் 160 குதிரைசக்தி, பத்து வருடம் கழித்து எஸ்2000-ல் இரண்டு லிட்டரில் 250, இரண்டிலும் டர்போ கிடையாது. எஸ்2000-ல் இதற்கு மேல் ஓட்டாதே என்ற சிவப்புக் கோடே 9000 ஆர்பிஎம்மில்தான் வரும் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

1989-ல் திரும்பி வந்த ஜிடி-ஆரின், அதாவது ஆர்32-வின், ஆர்பி26 இன்ஜினுக்கு ஏன் 2568 சிசி என்ற விசித்திர அளவு? குரூப் ஏ பந்தயத்தில் டர்போ இன்ஜினின் சிசியை 1.7-ஆல் பெருக்கித்தான் பிரிவு ஒதுக்குவார்கள். பெருக்கினால் 4366 வருகிறது, 4500 சிசி பிரிவுக்குள் அழகாக அடங்கிவிடுகிறது. ஜப்பான் டூரிங் கார் போட்டியில் ஆர்32 ஓடிய 29 பந்தயத்திலும் ஜெயித்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

கட்டுரையின் அட்டவணையில் 90-களின் கார்கள் வரிசையாக 280, 280, 280 என்று நிற்கின்றனவே, அச்சுக்குப் போகும்முன் யாருக்கும் சந்தேகம் வரவில்லையா? சாலை விபத்துச் சாவுகள் கூடியதால் 280 குதிரைசக்திக்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்று கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒப்பந்தம் அது. 1989-ல் தொடங்கி, 2004-ல் ஹோண்டா லெஜண்ட் 300 என்று வந்ததும் முடிந்தது. ஜப்பானில் 280 என்ற டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட் இன்ஜின் அமெரிக்காவுக்குப் போனதும் 320 ஆனது. டர்போவும் இன்ஜெக்டரும் கொஞ்சம் வேறு, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வார்ப்பிரும்பு பிளாக் எவ்வளவு தாங்கும் என்று ட்யூனிங் கடைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

2020-ல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸின் மூன்று சிலிண்டர் 1.6 டர்போவை ‘சின்ன இன்ஜின்’ என்று உதறியிருப்பதும் சரியில்லை, அதுவும் ராலி பந்தயத்தை மனதில் வைத்துச் செய்த கார்தான்.

அடுத்த இதழில் தொடர்ச்சி வருமென்று போட்டிருக்கிறீர்கள். அட்டவணைக்குக் கீழே அந்த 280 ஒப்பந்தம் பற்றி ஒரு குறிப்புச் சேருங்கள். ரோட்டரிக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள், கூடவே ரோட்டரைக் கழற்றி வைத்து எடுத்த படமும் வேண்டும். பானெட் மூடிய கார் படங்கள் எங்களிடம் நிறையவே இருக்கின்றன.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு வாசகன்