ஆடாத மேசையைப் பெட்டியிலேயே அனுப்புங்கள்: அறைகலன் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மேசை, அலமாரி, புத்தக ரேக் எல்லாவற்றையும் பலகை பலகையாகப் பிரித்து அட்டைப்பெட்டியில் அனுப்பி, வீட்டிலேயே ஸ்க்ரூ முடுக்கிச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்பில் வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்கிய மேசைகளைப் பிடித்து அசைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லாமே ஒரே மாதிரிதான் ஆடுகின்றன, இடமும் வலமுமாக.

என்னை எழுத வைத்தது உங்களில் ஒரு நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தி: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது." எந்தப் புகார் தீர்ந்தது? மேசை ஆடுகிறது என்றேன். வீடியோ கேட்டீர்கள், அனுப்பினேன். எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு முறை இறுக்கச் சொன்னீர்கள், இறுக்கினேன். லேசான ஆட்டம் இயல்புதான் என்று பதில் வந்தது. பிறகு இந்தக் குறுஞ்செய்தி, கூடவே ஐந்து நட்சத்திரம் கேட்டு ஓர் இணைப்பு.

அந்த இயல்பான ஆட்டம் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை மட்டும் சொல்ல அனுமதியுங்கள். என் மகள் பத்தாம் வகுப்பு. கணக்கில் செய்முறை வடிவியல் வரும்; காம்பஸை ஊன்றி வில் வரைய வேண்டும். பென்சில் சுற்றி வரும்போது மேசை ஒரு பக்கம் நகர்ந்து திரும்புகிறது, வில் சேர வேண்டிய புள்ளியைத் தவறவிடுகிறது. ரப்பரால் அழித்தால் மேசை விளக்கு நடுங்கி, அதன் வெளிச்சமும் தாளின் மேல் நடுங்குகிறது. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதக் கற்றுக்கொண்டாள். அப்படி எழுதினால் நோட்டை யார் பிடிப்பது? கடைசியில் பரீட்சை அட்டையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். 6,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய மேசையின் மேல் இப்போது துவைத்து மடித்த துணி இருக்கிறது. தரையில் குனிந்து எழுதி அவளுக்கு இரவில் கழுத்து வலிக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் சேவைப் படிவத்தில் இதைச் சொல்ல ஒரு கட்டம் இல்லை. அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

ஆட்டத்துக்குக் காரணம் உங்கள் வடிவமைப்பாளர்களுக்குத் தெரியாதது அல்ல. இரண்டு பக்கப் பலகை, மேலே ஒரு பலகை, பின்னால் நாலு விரல் அகலத்தில் ஒரு பட்டி. இதுதான் மேசை. நான்கு மூலையும் வெறும் கேம் லாக்கிலும் (பலகைக்குள் திருகி இறுக்கும் வட்டப் பூட்டு) மரமுளையிலும் நின்றால், பக்கவாட்டில் தள்ளியதும் செவ்வகம் இணைகரமாகிறது. முக்கோணம் அப்படிச் சாயாது. முதுகை முழுசாக மூடும் ஒரு பலகையோ, மூலைகளில் இரும்புக் கிளாம்ப்போ, மூலைக்கு மூலை குறுக்கே ஒரு சட்டமோ இருந்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அலமாரியின் பின்னால் நீங்கள் வைக்கும் 3 மில்லிமீட்டர் அட்டைக்கும் இதுதான் வேலை. தூசி தடுப்பது இரண்டாம்பட்சம், சட்டம் சாயாமல் பிடிப்பதே முதன்மை. அதைச் சின்ன ஆணிகளால், அதுவும் தூரம் தூரமாக அடிக்கச் சொல்லி, பெட்டியோடு வரும் உங்கள் தாளில் படம் போட்டிருக்கிறீர்கள்.

இறுக்கச் சொன்னீர்களே, அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த மேசைகளைச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளும் சீவலும் பசையும் சேர்த்து அழுத்திய பலகை. முகப்பில் போட்ட ஸ்க்ரூவை ஓரளவு பிடித்துக்கொள்ளும், விளிம்பில் பிடிப்பு குறைவு. ஆடுகிறதே என்று மேலும் மேலும் முடுக்கினால் உள்ளே தூள் உதிர்ந்து ஓட்டை பெரிதாகிவிடும். ஆட்டம் அதிகமாகும். வாங்கியவருக்கு நீங்கள் சொன்ன ஒரே மருந்து நோயைக் கூட்டக்கூடியது.

பதிலுக்குக் காத்திருக்க முடியாமல் நானே சரிசெய்தேன். வீட்டில் இருந்தவை ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், இன்ச் டேப், ஃபெவிகால். ஹார்டுவேர் கடையில் வாங்கியவை நான்கு எல் கிளாம்ப் (மூலையைப் பிடிக்கும் L வடிவ இரும்புத் துண்டு), ஒரு பொட்டலம் அரை இன்ச் ஸ்க்ரூ, மேசையின் பின்பக்க அளவுக்கு வெட்டிய 6 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு. முதலில் எல்லாவற்றையும் தளர்த்தி, மரமுளைகளுக்குப் பசை வைத்துத் திரும்பச் சேர்த்தேன். பசை பூச்சில்லாத வெறும் மரத்தில்தான் பிடிக்கும், மேலே ஒட்டிய வழவழப்பான லேமினேட்டில் பிடிக்காது. லூசான ஓட்டைகளில் பல்குச்சிகளைப் பசையில் தோய்த்துச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, நீட்டியதை வெட்டிய பிறகு ஸ்க்ரூ போட்டேன். நின்றது. அடுத்து மேசையைப் பின்பக்கமிருந்து மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்தேன். இரண்டு குறுக்களவும் சமமாக வரும்வரை தள்ளி நேராக்கி, அந்த நிலையிலேயே பிளைவுட்டை முதுகில் வைத்துச் சுற்றிலும் ஸ்க்ரூ போட்டேன். கடைசியாக மேல்பலகையும் பக்கப்பலகையும் சேரும் உள்மூலைகளில் எல் கிளாம்ப். பலகை 18 மில்லிமீட்டர்தான், அதனால் அரை இன்ச்சுக்கு மேல் நீளமான ஸ்க்ரூ போடக்கூடாது. நீளம் கூடினால் முனை மேசை மேல் எட்டிப் பார்க்கலாம். ஸ்க்ரூ போடுமுன் ஓர் ஆணியைத் தட்டிச் சின்னத் துளை எடுத்தால் பலகை பிளக்காது.

மேசை இப்போது ஆடவில்லை. எங்கள் தரை கழுவும் தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்டது, அதனால் ஒரு கால் மட்டும் தூக்கி நின்றது; அதன் அடியில் ரப்பர் துண்டு வைத்ததும் அதுவும் அடங்கியது. காலடி விளிம்புகளுக்கு வார்னிஷும் பூசினேன். தினமும் ஈரத்துணியால் துடைக்கும் வீட்டில் மூடாத விளிம்பு தண்ணீர் குடித்து உப்பிவிடும். இதுவும் உங்கள் தாளில் இல்லை.

வாங்கியவற்றுக்கு ஆன செலவு மேசை விலைக்கு முன் சொற்பம். மொத்தமாக வாங்கும் உங்களுக்கு இன்னும் குறைவாகவே ஆகும். அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். நான்கு எல் கிளாம்ப்பையும் அதற்கேற்ற குட்டை ஸ்க்ரூக்களையும் கெட்டியான முதுகுப் பலகையையும் பெட்டியிலேயே வையுங்கள். எதை எப்போது எப்படிப் போடுவது என்று தமிழில் ஒரு தாளும் வையுங்கள்.

மேசையோடு இது முடிந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இதே பலகையில் இதே முறையில் நீங்கள் விற்கும் உயரமான டிராயர் அலமாரிகள் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் நிற்கின்றன. கீழ் டிராயரை இழுத்துப் படியாக்கி ஏறும் குழந்தையின் மேல் அலமாரி கவிழும். அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகுதான், 2016 ஜூனில், ஐக்கியா நிறுவனம் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2022 டிசம்பரில் அங்கே அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதெல்லாம் நடந்த பிறகும், எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த அலமாரிப் பெட்டியில் சுவரோடு பிணைக்கும் பட்டி இல்லை. அவர்கள் கேட்டதற்கு, சுவரை ஒட்டி வைத்தால் போதும் என்றார்களாம். போதாது. ஒட்டி வைத்தது முன்னால் சாயாது என்று யார் சொன்னது?

வாடகை வீட்டில் இது இன்னும் கஷ்டம். ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடித்தாலே முன்பணத்தில் பிடிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. சுவரில் துளை போட முடியாதவருக்கு என்ன வழி என்றும் அந்தத் தாளில் எழுத வேண்டும். கனமான பொருளைக் கீழ்த்தட்டில் வைப்பது, இரண்டு டிராயரை ஒரே நேரத்தில் திறக்க முடியாதபடி பூட்டு வைப்பது, அடியை முன்பக்கம் அகலமாக்குவது என்று வழிகள் இருக்கின்றன. கடைசி இரண்டும் உங்கள் தொழிற்சாலையில் செய்ய வேண்டியவை.

சட்டத்தை நினைவூட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆம் பிரிவின்படி, தீங்கு வராமல் சரியாகப் பயன்படுத்தப் போதுமான அறிவுரை இல்லாவிட்டால், தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கை இல்லாவிட்டால், தயாரித்தவர் பொறுப்பாவார். இந்திய தர நிர்ணய அமைவனம் மேசைகளுக்கு ஐஎஸ் 17633 என்றும், பொருள் வைக்கும் அலமாரிகளுக்கு ஐஎஸ் 17634 என்றும் 2022-இலேயே தரம் வகுத்திருக்கிறது. உங்கள் விற்பனைப் பக்கத்தில் நிறத்துக்கு எட்டுப் படம் போடுகிறீர்கள். எந்தத் தரத்துக்குச் சோதித்தீர்கள் என்று ஒரு வரி போடக் கூடாதா? போடாத நிறுவனத்திடம் இனி வாங்குவதில்லை என்று எங்கள் குடியிருப்பில் பேசி வைத்திருக்கிறோம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யவும் தயாராக இருக்கிறோம்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரித்து அனுப்பும் முறை எனக்குப் பிடிக்கும். குறுகலான மாடிப்படியில் ஏறும், வீடு மாற்றும்போது கழற்றிக்கொண்டு போகலாம், தேக்கு வாங்க முடியாதவருக்கும் ஒரு மேசை கிடைக்கிறது. அந்த மேசையில் ஒரு பிள்ளை நிம்மதியாகக் காம்பஸை ஊன்ற வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கிளாம்ப்பையும் முதுகுப் பலகையையும் தமிழ்த் தாளையும் பெட்டியிலேயே வைக்கக் கனிவோடு வேண்டுகிறேன். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அவற்றை இலவசமாக அனுப்பி வையுங்கள். மூடிய என் புகாரைத் திரும்பத் திறந்து, எப்போது அனுப்புவீர்கள் என்று தேதி போட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வேளச்சேரியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்