ஒற்றைச் செம்பருத்தியைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடியிலும் பால்கனியிலும் பூச்செடி வளர்ப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டி, மண்கலவை, உரம் எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. எந்தச் செடியை வாங்குவது என்பதை மட்டும் ‘கண்ணுக்குப் பிடித்ததை வாங்குங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பூவைத் தேடி என்னென்ன வரும் என்பதையும் பார்த்துத்தான் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செம்பருத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். நர்சரிகளில் அடுக்குச் செம்பருத்தியைத்தான் முன்வரிசையில் வைக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் இதழ்களாக மாறிப்போயிருக்கும். தேனீக்கு அங்கே கிடைப்பது சொற்பம். நம் வீடுகளில் வேலியோரம் நின்ற பழைய ஐந்திதழ்ச் சிவப்புச் செம்பருத்தியை ஒரு தொட்டியில் வைத்துப் பாருங்கள், தேன்சிட்டு தானே தேடி வரும். துலுக்கச் சாமந்தியிலும் இதே கதைதான். பந்து போல் திரண்டிருப்பதைவிட, நடுவில் மஞ்சள் வட்டு தெரியும் ஒற்றைப் பூவில்தான் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அதிகம் உட்காரும்.

இதில் வீட்டுக்கும் லாபம் உண்டு. மாடியில் பூசணி, பீர்க்கன், பாகல் போடுகிறவர்கள் பலரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: “பிஞ்சு வருது, ரெண்டு நாள்ல மஞ்சளாகி விழுந்துடுது.” உடனே உரக்கடையில் டானிக் வாங்கித் தெளிக்கிறார்கள். இந்தக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மகரந்தம் வந்து சேராவிட்டால் பெண் பூவின் அடியில் இருக்கும் பிஞ்சு வெம்பி உதிரத்தான் செய்யும். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து முற்பகலிலேயே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்தாக வேண்டும். அப்போது மட்டும் அதை எங்கிருந்து வரவழைப்பது? ஆண்டு முழுவதும் பூக்கிற செடி பக்கத்தில் இருந்தால் தேனீ அந்த மாடியை விட்டுப் போகாது. துளசியையும் திருநீற்றுப்பச்சிலையையும் கதிர் கிள்ளாமல் பூக்க விட்டாலே போதும், கொசுத்தேனீயும் கொம்புத்தேனீயும் மொய்க்கும். சுரைக்கும் பீர்க்கனுக்கும் வேறு கணக்கு. இவற்றின் பூ அந்தியில் விரிவது, அதை நாடி வருவது பெரும்பாலும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சி.

மல்லிகை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். மல்லிகை இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் மல்லியை நாம் மொட்டிலேயே பறித்துவிடுகிறோம், அது நமக்கென்று வளர்க்கும் பூ. பூச்சிகளுக்கென்று இன்னொரு தொட்டி வேண்டும். மல்லி வைப்பவர்கள் கவாத்துக் காலத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. குண்டுமல்லியை நவம்பர் கடைசியிலும், பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் வெட்டிவிட வேண்டும். வெட்ட மனம் வராமல் விட்டால் கொடி நீளுமே தவிர, பூ குறைந்துவிடும்.

அடுத்தது வெயில். செடி வாங்கக் கிளம்பும் முன், வைக்கப்போகும் இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று ஒரு நாள் கவனித்துவிடுங்கள். மல்லிக்கும் ரோஜாவுக்கும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மேற்குப் பார்த்த, மாலை வெயில் சுடுகிற பால்கனிக்குக் காகிதப்பூ, டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி ஏற்றவை. காகிதப்பூவுக்கு அன்றாடம் தண்ணீர் ஊற்றினால் இலைதான் தழைக்கும், கொஞ்சம் காயவிட்டால்தான் பூத்துக் குலுங்கும். வெயில் குறைந்த இடத்துக்கு நந்தியாவட்டையும் காசித்தும்பையும் உண்டு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்விட்டு ஆசை ஆசையாக ஹைட்ரேஞ்சியா வாங்கி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மலைக் குளிரில் வளர்ந்த செடி மதுரை, திருச்சி வெயிலைத் தாங்காது.

நர்சரியில் உடம்பெல்லாம் பூத்து நிற்கிற செடியை எடுக்காதீர்கள். மொட்டும் புதுத் துளிரும் உள்ள செடி சீக்கிரம் வேர் பிடிக்கும். இலையைத் திருப்பி வெள்ளை ஈ, மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டு ரோஜா என்றால் ஒட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் கீழிருந்து கிளம்பும் துளிரை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் காட்டு ரோஜாதான் மிஞ்சும்.

அழகு என்று நம்பி வாங்குவதில் ஆபத்தும் இருக்கிறது. அரளி முழுக்க நஞ்சு. ஆடுமாடு கடிக்காது, வறட்சியைத் தாங்கும் என்றுதான் நெடுஞ்சாலை நடுவே அதை நடுகிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தளும் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இவை இருக்கக் கூடாது. நிலம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கல்கத்தாவுக்கு வந்த உண்ணிச்செடி இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புதராக மண்டி, மான்களுக்கு வேண்டிய புல்லை அழிக்கிறது. பூவுக்காக நட்ட வெளிநாட்டு மரமான மஞ்சள் கொன்றையும் இப்படித்தான் பரவி, இப்போது வனத்துறை அதை வெட்டி அகற்ற வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுச் செடி எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்ததுதான், அதிலிருந்து புற்றுநோய்க்கு மருந்தே எடுக்கிறார்கள். மஞ்சள் பூ மரம்தான் வேண்டும் என்றால் சித்திரை வெயிலில் சரம் சரமாகப் பூக்கும் நம் சரக்கொன்றை இருக்கிறதே!

நர்சரிக்காரர்கள் ஒவ்வொரு செடியிலும் ஒரு சிறு அட்டை கட்டினால் வாங்குகிறவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். எத்தனை மணி நேர வெயில் வேண்டும், ஒற்றையா அடுக்கா, நஞ்சு உண்டா என்ற மூன்று தகவல் போதும். அதுவரை உங்கள் இணைப்பிலேயே மாதம் ஒரு பூச்செடியை இந்த மூன்று தகவல்களுடன் அறிமுகம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். பருவமழை தொடங்கும் முன் ஆரம்பித்தால், இந்த ஆண்டே நடுகிறவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகி,
ஸ்ரீரங்கம்