ஃபிரிட்ஜ் மேலே இருக்கிற ரஸ்க் டப்பா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஒரு மருந்துக்கடையில் 22 வருஷமாகக் கவுன்டரில் நிற்கிறவன் நான். பியூசி (பிளஸ் ஒன், பிளஸ் டூவை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ரிசல்ட், நீட், சிஇடி நுழைவுத் தேர்வு என்று பிள்ளைகள் இருக்கிற வீடெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற நேரம் இது. போதை பற்றிச் செய்தி வந்தால் கஞ்சா பிடிபட்டது, காலேஜ் வாசலில் யாரோ விற்றான், போலீஸ் சோதனை என்றுதான் வருகிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருக்கிற நாம் சமையல்கட்டில் ஃபிரிட்ஜ் மேலே வைத்திருக்கிற ரஸ்க் டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டு டப்பாவில் இருந்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட இதேதான் இருக்கும். அம்மாவின் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை. என் முதுகுப் பிடிப்புக்கு வாங்கி பாதியில் விட்ட வலி மாத்திரை. போன மழைக்காலத்து இருமல் சிரப், மூடி ஒட்டிக்கொண்டு திறக்க வராது. பெயர் போட்டிருக்கிற பக்கம் கிழிந்துபோய், எதற்கு வாங்கியது என்றே யாருக்கும் தெரியாத ஏழெட்டு அட்டைகள். அடியில், ரப்பர் பேண்ட் சுற்றி, அப்பா காலமான பிறகு அம்மாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை.

கடையில் அதே மாத்திரையை நான் சும்மா எடுத்துக் கொடுத்துவிட முடியாது. 2014 மார்ச் 1 முதல் தூக்க மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, சில வலி மருந்து எல்லாம் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் தரக் கூடாது. எந்த டாக்டர் எழுதினார், யாருக்கு, என்ன மருந்து, எத்தனை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். (எல்லாக் கடையிலும் இது ஒழுங்காக நடக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இல்லை என்று திருப்பி அனுப்புகிற ஆள் அடுத்த தெருவில் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.) சரி, சட்டம் அவ்வளவு கறாராகப் பார்த்துக் கொடுக்கிற மருந்து, வீட்டு வாசலைத் தாண்டியதும் ரஸ்க் டப்பாவுக்குள் போய் விழுகிறது. கடையில் ரிஜிஸ்டர் எழுதுகிற எனக்கு வீட்டில் ரிஜிஸ்டர் இல்லை.

"டேய், மாத்திரை குறையுதுடா" என்று அம்மாதான் முதலில் சொன்னார். அவர் எதையும் தினசரி காலண்டரில் குறித்துவைக்கிறவர், கேஸ் எப்போது மாற்றினோம் என்பது வரைக்கும். மாதக் கடைசி வரைக்கும் வர வேண்டியது அதற்கு ரொம்ப முன்னாலேயே தீர்ந்துவிட்டது என்று காலண்டரைக் காட்டினார். வயசாகிவிட்டது, ரெண்டு தடவை போட்டுக்கொண்டு மறந்திருப்பார் என்று நான் நினைத்தேன், நினைத்ததோடு இல்லாமல் அவரிடமே சொல்லவும் செய்தேன். அடுத்த மாதமும் குறைந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எடுத்தது அவர் பேத்தி. என் மகள், இரண்டாம் பியூசி படிக்கிறவள்.

முதலில் நான் செய்தது கத்தியது. ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற என் வீட்டிலேயா, என் மானம் போச்சு, இப்படி. இப்போது அதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது, அந்த ராத்திரி பேசியதில் முக்கால்வாசி என் மானத்தைப் பற்றித்தான். அவள் ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் அவள் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். விடியற்காலையில் ஆயாவிடம் சொல்லியிருக்கிறாள்: "தூக்கம் வரணும் ஆயா. தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, அது நிக்கணும், அவ்வளவுதான்."

போதைக்கு என்று எடுக்கிற பிள்ளைகளும் உண்டுதான், கவுன்டரில் நிற்கிறவனுக்கு முகத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். ஆனால் தூக்கத்துக்காக, பதற்றம் அடங்குவதற்காக, அழுகை நிற்பதற்காக எடுக்கிற பிள்ளை முகத்தில் ஒன்றும் தெரியாது. நன்றாகப் படிக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும். சாப்பாடு குறையும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது வள்ளென்று விழும், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போகும். நாம் பரீட்சை டென்ஷன் என்போம். நிம்ஹான்ஸ் (எங்கள் ஊரில் இருக்கிற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி) முன்னின்று நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுக்குள் 100-க்கு 7.3 பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. 60 பேர் உட்காருகிற வகுப்பில் நாலு பேர். டாக்டர் சொல்லாமல் தூக்க மருந்து வகையறாவை எடுத்துக்கொள்கிறவர்கள் நாட்டில் சுமார் 1.18 கோடி என்று 2019-ல் வெளிவந்த எய்ம்ஸ் அறிக்கை சொன்னது. அது சின்னவர் பெரியவர் எல்லாரும் சேர்ந்த கணக்கு. பெரியவர்களைப் பார்த்துத்தானே சின்னவர்கள் பழகுகிறார்கள்?

இதில் நம் பழக்கமே ஒரு தினுசு. தலைவலியா, ஒண்ணு போட்டுக்கோ. வயித்துவலியா, ஒண்ணு போட்டுக்கோ. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூட்டுவலி என்றால் நம் அட்டையிலிருந்து நாலு கிழித்துக் கொடுப்போம், அதை உதவி என்று வேறு நினைப்போம். "மாத்திரை போட்டியா?" என்று கேட்பதுதான் எங்கள் வீட்டில் பாசம். அப்படி வளர்ந்த பிள்ளை மனசு வலித்தால் எந்த டப்பாவைத் திறக்கும்?

அடுத்த நாள் 14416-க்கு போன் செய்தேன். மனநல உதவிக்கான எண் அது, டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கியது, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும், ஆனால் பெற்ற பிள்ளையைப் பற்றிக் கலங்கிப்போய்ப் பேச அது போதாது. போனை எடுத்துப் பேசிய பெண்மணி முதலில் கேட்டது, "இப்ப பாப்பா எங்க இருக்கா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றுதான். அப்புறம், செத்துப்போகலாம் என்று அவளுக்குத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகாதா என்றேன். ஆகாது, கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருந்தால் சொல்ல வழி கிடைக்கும் என்றார். கேட்டேன். "அப்படியில்லப்பா" என்றாள், ரொம்ப நேரம் கழித்து, அப்புறம் அழுதாள். அன்றைக்குத்தான் நிஜமாகப் பேசினோம்.

நிம்ஹான்ஸுக்குப் போக வேண்டும் என்றதும் என் மச்சான், "அங்கயா? பொண்ணு வாழ்க்கை என்னாகிறது?" என்றான். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும், சின்ன வயசில் "உன்னை நிம்ஹான்ஸ்லதான் சேக்கணும்" என்று ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்துதான் வளர்ந்தோம். வெளியூர்க்காரன் ராத்திரி பஸ் ஏறி வந்து ஓசூர் ரோட்டில் வரிசையில் நிற்கிறான், ஆட்டோவில் அரை மணியில் போய்விடுகிற நமக்குக் கௌரவம் தடுக்கிறது. போனோம். அவளை மாதிரி யூனிஃபார்மோடு வந்திருந்த பிள்ளைகளைப் பார்த்ததிலேயே அவளுக்குப் பாதி பாரம் குறைந்தது என்று பின்னால் சொன்னாள்.

அங்கே தெரிந்துகொண்டதில் ரெண்டு விஷயம் பெற்றோர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. கொஞ்ச நாளாகத் தொடர்ந்து தூக்க மாத்திரை எடுத்த பிள்ளையிடம் அதைப் பிடுங்கி ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும், டாக்டர் சொல்கிற கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்னொன்று, பிள்ளை மாத்திரையை அதிகமாக எடுத்துவிட்டது என்று தெரிந்தால், நன்றாகத்தானே நடமாடுகிறாள் என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. சாதாரணமாகப் புழங்குகிற சில மாத்திரைகளே ஒரு நாள் கழித்துத்தான் உள்ளே வேலையைக் காட்டும். அட்டையையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது.

மருந்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, மருந்து விற்றுத்தான் சாப்பிடுகிறேன். மனச்சோர்வுக்கென்றே டாக்டர் எழுதுகிற மாத்திரை வேறு, அது வேலை செய்யவே ரெண்டு வாரம், நாலு வாரம் பிடிக்கும், தேவைப்படுகிற பிள்ளைக்கு அதைக் கொடுக்கத்தான் வேண்டும், பெற்றவர் கையால். என் மகளுக்கு வாராவாரம் உட்கார்ந்து பேசுவதே போதும் என்றார்கள். அங்கே பேசிய மேடம் சொன்ன ஒரு வார்த்தையை அவள் மேஜையில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம்னு உக்காந்திருக்காதே. செய், மனசு பின்னாடியே வரும்." பெரிய வேலை ஒன்றும் இல்லை. தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திரு, ராத்திரி தூக்கம் வந்திருந்தாலும் வராவிட்டாலும். குளி. கீழே போய்க் கொத்துமல்லி வாங்கிக்கொண்டு வா. போன் ராத்திரி ஹாலில் சார்ஜ் ஆகட்டும். கவலைக்கென்று சாயங்காலம் 15 நிமிஷம், ஒரு நோட்டு, அதில் எழுதித் தீர்த்துவிடு, ராத்திரி வந்தால் நாளைக்கு வா என்று சொல். கடைசியாகச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் கடன்காரனை நாங்கள் கடையில் சமாளிப்பதும் இப்படித்தானே.

விளையாட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் நான் தலையைக் குனிந்தேன். பத்தாவது வரைக்கும் அவள் த்ரோபால் ஆடியவள், பள்ளி டீமில் இருந்தாள். பியூசி சேர்ந்ததும் நிறுத்தியது நான். போனை வாங்கி வைத்தது நான். டீம் பிள்ளைகளோடு சுற்றாதே என்றதும் நான். காலையில் ஆறு மணிக்கு டியூஷன், சாயங்காலம் கோச்சிங், ராத்திரி டெஸ்ட் பேப்பர். இந்த வயசுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது ஓடியாட வேண்டும், 8 மணி நேரமாவது தூங்க வேண்டும் என்கிறார்கள், என் மகளுக்கு ரெண்டும் கிடைக்காமல் பார்த்துக்கொண்டவன் நான். அவளிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், மிச்சம் கைக்கு எட்டியது அந்த டப்பா.

இப்போது ஞாயிற்றுக்கிழமை த்ரோபால். மற்ற நாளில் ஆயாவும் பேத்தியும் காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கிறார்கள். மதியம் சீரியலைப் போட்டுவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டிருந்த அம்மாவுக்கும் ராத்திரித் தூக்கம் பரவாயில்லையாம், அவருடைய டாக்டர் அளவைக் குறைத்திருக்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். போன வாரம்கூட ரெண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. ஆனால் "இன்னிக்கு முடியலப்பா" என்று வாயைத் திறந்து சொல்கிறாள்.

ரஸ்க் டப்பா இப்போது பீரோவில், சாவி என் இடுப்பில். கிழிந்த அட்டை, பழைய சிரப் எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன், அதை எங்கே தள்ளுவது என்பதே பெரிய தலைவலி. கேரளத்தில் மிச்ச மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள அரசே பெட்டி வைத்திருக்கிறது. இங்கேயும் வார்டுக்கு வார்டு அப்படி வைத்தால், எங்கள் கடைகளுக்கும் பெரிய சுமை இல்லை, இடம் நாங்கள் தருகிறோம். அதுவரைக்கும் அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிற எதையும் டாக்டரைக் கேட்காமல் நீங்களும் போட்டுக்கொள்ளாதீர்கள், அடுத்தவருக்கும் கிழித்துக் கொடுக்காதீர்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ரிசல்ட் வருகிற நாளில் முதல் மார்க் எடுத்த பிள்ளைகளின் போட்டோவைப் பக்கம் பக்கமாகப் போடுவீர்கள், போடுங்கள், அவர்களும் கஷ்டப்பட்டுப் படித்தவர்கள்தான். அதே பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு கட்டம் கட்டி 14416 என்ற எண்ணையும் போடுங்கள். தமிழில் பேசலாம் என்பதையும் சேர்த்து. என் பெயரை வெளியிட வேண்டாம், மகள் படிக்கிற இடத்தில் தெரிந்துவிடும். அவளிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். த்ரோபாலில் தான் டீம் கேப்டனாக இருந்ததை நான் எழுதவில்லை என்று அவளுக்குக் கோபம்.

இப்படிக்கு,
மருந்துக்கடை ஊழியர்,
அல்சூர், பெங்களூரு