வலமா, இடமா? வார்டு வரைபடம் வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நகராட்சியின் வரைபடப் பிரிவினருக்கு,

வணக்கம். நீங்கள் வெளியிட்ட வார்டு எல்லைகளின் ஜியோஜேசான் கோப்பை (எல்லைகளைப் புள்ளிகளின் வரிசையாக எழுதி வைக்கும் கோப்பு வகை), இணையப் பக்கத்தில் வரைபடம் வரைய உதவும் டி3 நிரலகத்தில் திறந்தேன். சில வார்டுகள் ஒழுங்காக வந்தன. ஒன்பது வார்டுகளில் மட்டும் வார்டு வெறுமையாக நிற்க, மிச்சப் பூமி முழுவதும் பச்சை பூசிக்கொண்டது!

புள்ளிகளில் பிழை இல்லை. அவற்றை அடுக்கிய திசைதான் வார்டுக்கு வார்டு மாறுகிறது. கோளத்தின் மேல் ஒரு வளையம் வரைந்தால் இரு பக்கமும் அளவுள்ள பரப்புதான். எது உள்ளே என்பதைத் திசையே சொல்ல வேண்டும். தட்டையாக வரையும் மென்பொருள்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை என்பதால் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

ஷேப்ஃபைல் என்னும் பழைய வரைபடக் கோப்பு வகையின் விதி கோவிலை வலம் வருவது போன்றது: நடப்பவரின் வலக்கைப் பக்கம் உள்ளே. 2016இல் வந்த ஜியோஜேசான் தரநிலையான ஆர்எஃப்சி 7946 இதைத் திருப்பியது: வெளிவளையம் இடஞ்சுழி (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை), உள்ளே விடும் ஓட்டை வலஞ்சுழி (கடிகார முள்ளின் திசை). டி3 இன்னும் வெளிவளையத்தை வலஞ்சுழியாகவே எதிர்பார்க்கிறது. அது அதன் வழக்கம். எல்லா வார்டும் ஒரே திசையில் இருந்தால் ஒரே வரியில் திருப்பிக்கொள்வேன். கலந்து கிடந்தால் என்ன செய்வது?

திசையை அறிய முதல் மூன்று புள்ளிகளின் திருப்பத்தைப் பார்த்தால் போதும் என்று தொலைபேசியில் உங்களில் ஒருவர் சொன்னார். குழிவில்லாத வடிவத்துக்குச் சரி. வாய்க்கால் கரையோடு வளைந்து போகும் வார்டில் அந்த மூன்றும் உட்குழிந்த மூலையில் அமைந்தால் விடை தலைகீழாகும். மிகத் தெற்கே உள்ள புள்ளியை (பல இருந்தால் அவற்றில் கிழக்கோரத்தை) எடுத்து அங்குள்ள திருப்பத்தைப் பாருங்கள்; அது உட்குழிந்திருக்க முடியாது. அல்லது குறியுடன் பரப்பைக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு புள்ளியின் எக்ஸை அடுத்ததன் ஒய்யால் பெருக்கி, அடுத்ததன் எக்ஸை இதன் ஒய்யால் பெருக்கிக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். (0,0), (4,0), (4,3), (0,3) என்றால் 12. மிகைக் குறி என்பதால் இடஞ்சுழி. தலைகீழாக அடுக்கினால் −12.

தீர்க்கரேகை (எக்ஸ்) முதலில், அட்சரேகை (ஒய்) பிறகு. இடம் மாற்றினால் குறியும் மாறிவிடும். நானே ஒரு மாலை முழுவதும் அதில் ஏமாந்தேன். எல்லை தன்னைத்தானே வெட்டி எட்டு வடிவில் கிடந்தால் இந்தக் குறியை நம்ப வேண்டாம். முதலில் எல்லையைச் சீராக்குங்கள்.

அந்த ஒன்பது வார்டுகளையும் திருப்பி வைத்திருக்கிறேன். கேட்டால் இன்றே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வார்டுவாசி ஒருவன்